தாளில் இல்லாத மூன்று வரிகள்

சட்டப் படிப்பில் ஒரு மாதம்கூட உட்காராமல், பேசுபவர் யாரும் உயிரோடு இல்லாத மொழி ஒன்றைப் படிக்கச் சேர்ந்துவிட்டு வந்து நின்ற மகளை மேனேஜர் மன்னித்துவிட்டார் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதில் ஒரு திருத்தம். மன்னிக்கவில்லை, தத்தெடுத்துக்கொண்டார். மகளை அல்ல, படிப்பை.

வெளியில் நின்று திட்டுவதைவிட உள்ளே புகுந்து நிர்வாகம் செய்வது அவருக்குக் கைவந்த கலை. டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கும் ஷோரூமில் வெகுகாலமாக மேனேஜர். வீட்டிலும் மனைவி அவரை மேனேஜர் என்றுதான் சொல்வாள், சில நாள் காதில் விழும்படி, சில நாள் விழாதபடி.

அன்று காலை சாப்பாட்டு மேசையில் நிர்வாகம் உச்சத்தில் இருந்தது.

"மறுபடியும் முதல்லேர்ந்து. 'மாண்புறு மதிலே'க்கு அப்புறம் என்ன?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "மன்னவன் மார்பினும் அகன்ற மதிலே. பகைவர் தேர்கள் படபடத்து..."

"படபடக்கிறது உன் நெஞ்சு. தேர் தடதடக்கும். பார்த்துச் சொல்லு பாப்பா."

அன்றைக்குப் பல்கலைக்கழகத்தின் செவ்வியல் துறையில் முதல் வாசிப்பு நாள். அந்தத் துறையில் அது ஒரு பழைய வழக்கம். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் குடும்பத்தார் முன்னிலையில் மேடையேறி, பழம்பாடல் ஒன்றை மூல மொழியில் வாசித்து, அகராதி இல்லாமல் அதன் பொருளைச் சொல்ல வேண்டும். மூன்று பாடல்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். எது வரும் என்பது சீட்டுக் குலுக்கலில். தேறும் பாதிப் பேரைத் துறை வைத்துக்கொள்ளும். மீதிப் பேரைப் பொதுப் பிரிவு என்ற பெருங்கூட்டத்தில் கரைத்துவிடும்.

மகள் தாமதமாகச் சேர்ந்தவள். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். சட்டக் கல்லூரிக் கதவு சாத்தியாகிவிட்டது. இந்த இடமும் போனால் அவள் எங்கும் இல்லை.

இந்த நெருக்கடியில்தான் மேனேஜர் எங்கிருந்தோ ஒரு தடித்த புத்தகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். மூன்று பாடல்களுக்கும் அதில் மொழிபெயர்ப்பு இருந்தது. எழுதியவர் வேறு யாரும் இல்லை, துறைத் தலைவரேதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இவருக்குத் தண்ணீரே கிளம்பிவிட்டது.

"அப்பா, இதுல எந்த வார்த்தைக்கு எது அர்த்தம்னே எனக்குத் தெரியாது. பொருளை மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறேன்."

"ரயில்ல போறவன் எஞ்சினைக் கழட்டிப் பார்த்துட்டா ஏறுறான்? முதல்ல பாஸ் பண்ணு. புரிஞ்சுக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம்."

இது அவர் வாழ்க்கைத் தத்துவம். பள்ளி, கல்லூரி, கம்பெனியின் உள்தேர்வு எல்லாவற்றையும் மனப்பாடத்தாலேயே கடந்தவர். கழிப்பறைக் கோப்பையின் உத்தரவாத விதிகளை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதில் மூன்றாவது விதிக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோதுதான் அவருக்கு வியர்த்தது.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் நரம்பு எங்க இருக்குன்னு பார்த்துட்டுத்தான் ஊசி குத்துவேன். இந்த வீட்டுல குத்திட்டுத்தான் தேடுறாங்க."

"நல்ல நாளும் அதுவுமா வாயை வைக்காத."

"வைக்கல. எங்கண்ணனையும் வரச் சொல்லியிருக்கீங்களாமே, எதுக்கு?"

மேனேஜர் புத்தகத்தைப் பைக்குள் திணித்தார். எதற்கென்று இருவருக்குமே தெரியும். செத்த மொழியைப் படித்தால் பிணவறையில்தான் வேலை கிடைக்கும் என்று குடும்பத்துக்கே கேட்கும்படி சொன்னவர் அந்த அண்ணன். பல் டாக்டர். அவர் வாய் பிளந்து பார்க்க வேண்டும் என்பது மேனேஜரின் நெடுநாள் ஆசை. ஊரார் வாயை எல்லாம் பிளக்க வைத்தே பிழைக்கிறவர் அல்லவா?

போகும் வழியெல்லாம் மகள் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உதடு அசைத்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவை திரும்பிக் கேட்டாள்:

"நான் எதுக்குப்பா இதுல சேர்ந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

"ஏதோ ஆட்டுக்காரன் சமாச்சாரம் சொன்ன."

"பக்கத்து வீட்டு ஆடு வந்து தோட்டத்தை மேஞ்சிடுச்சுன்னு ஒருத்தன் புலம்புற பாட்டு. சட்டக் கல்லூரி நூலகத்துல சும்மா எடுத்தது. அவ்வளவு பழைய ஆளு, நம்ம மாடி வீட்டுக்காரர் மாதிரியே புலம்புறானேன்னு இருந்துச்சு. அதை நானே படிக்கணும்னு ஆசை. இப்ப நான் படிக்கல. நீங்க படிக்கச் சொல்றதைச் சொல்றேன்."

"சரி, 'மாண்புறு மதிலே'க்கு அப்புறம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

துறையின் அரங்கம் பழைய மரவாசனையோடு இருந்தது. சுவர் நெடுக முன்னாள் தலைவர்களின் படங்கள். ஒவ்வொருவரும் முந்தையவரைவிடக் கொஞ்சம் அதிகமாக முறைத்தார்கள். இந்தக் கணக்கில் இன்னும் இரண்டு தலைவர்கள் வந்தால் படத்துக்குள்ளிருந்து கையே நீண்டுவிடும் போலிருந்தது.

மைத்துனர் ஏற்கெனவே மூன்றாவது வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கவனிச்சீங்களா, இங்க எல்லா வாத்தியாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்காங்க. தேய்மானம் அதிகம். இந்தத் துறைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைவிட ஒரு டாக்டர்தான் தேவை."

"கொஞ்சம் பொறுங்க மச்சான். இன்னைக்கு யார் பல்லைக் கடிக்கிறாங்கன்னு பார்ப்போம்."

துறைத் தலைவர் மேடையேறினார். உயரம், வெண்மீசை, தோளில் மடிப்புக் கலையாத சால்வை. தொன்மையின் பெருமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் பேச்சு நீண்ட நீளத்தில், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் தாங்களே தொன்மையாகிவிட்டதாக உணர்ந்தார்கள். "செவ்வியல் என்பது சிகரம். சிகரத்தில் காற்று மெல்லியது. எல்லோருக்கும் மூச்சு விட முடியாது" என்று முடித்தார். கைதட்டல் கிடைத்தது, முடித்ததற்காக.

அவருக்குப் பக்கத்தில் சின்ன உருவமாக ஓர் ஆசிரியை. முதலாண்டுக்குப் பாடம் எடுப்பவர். சளி பிடித்திருந்தது. கைக்குட்டையும் கையுமாக, மாணவர்களுக்குத் தாள் கொடுக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு பையன் ராஜாவைக் குதிரை என்றும் குதிரையை ராஜா என்றும் சொல்லிவிட்டு, கதை நன்றாகவே போகிறதே என்று அப்படியே தொடர்ந்தான். ஒருத்தி நான்கு வரியோடு அழுதுவிட்டாள்.

மகளின் முறை வந்தது. சீட்டை எடுத்தாள். மதில் பாட்டு.

மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டார். மூன்றில் அதுதான் அவர்கள் கரைத்துக் குடித்தது. முற்றுகைக்கு முந்தைய நாள் ஓர் அரசன் தன் கோட்டை மதிலின் மேல் நின்று மதிலோடே பேசும் பாட்டு.

அவள் மூலத்தை வாசித்தாள். கொஞ்சம் திக்கினாலும் பழுதில்லை. பிறகு தாளைப் பார்த்தபடியே பொருள் சொல்லத் தொடங்கினாள்.

"ஓ, மதிலே! மாண்புறு மதிலே! மன்னவன் மார்பினும் அகன்ற மதிலே..."

மூன்றாவது வரிசையில் மேனேஜரின் உதடுகளும் கூடவே அசைந்தன. மேடையில் துறைத் தலைவர் கண்களை மூடிக்கொண்டார். யாருடைய சொற்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தாய் தன் பிள்ளையை இருட்டிலும் அடையாளம் கண்டுகொள்வாள். அவர் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. தேர்கள் சரியான இடத்தில் தடதடத்தன. வேல்கள் மின்னின. மகள் தண்டவாளத்தில் ஏறிய வண்டி மாதிரி ஓடினாள்.

"...விண்ணோரும் வியந்து விம்முதல் காணாய்! மண்ணே, என் மதில் மண்ணே, உன்னில் நான் கலந்திட, என் பெயர் உன்னில் கல்லாய் நின்றிட!"

முடிந்தது. அரங்கம் படபடவென்று தட்டியது. துறைத் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"முழு மதிப்பெண்! இப்படியொரு ஆழ்ந்த வாசிப்பை நான் பல காலமாகக் கேட்டதில்லை!"

மேனேஜர் மைத்துனர் பக்கம் திரும்பினார். வாய் பிளந்திருந்தது. நெடுநாள் ஆசை நிறைவேறிய முகத்தோடு மேடையைப் பார்த்தவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எல்லோரும் தட்டும்போது அந்த ஆசிரியை மட்டும் தட்டவில்லை. தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மகளும் இறங்கவில்லை.

அவள் தாளின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை மேனேஜர் அறிவார். குழந்தையாக இருந்தபோது ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே வந்து நின்ற நாளில் பார்த்தது.

இறங்கு என்று அவர் விரலால் சைகை காட்டினார். அவள் பார்த்தாள். தலையை வலமும் இடமுமாக ஆட்டி, வேண்டாம், வாயைத் திறக்காதே என்று கெஞ்சினார். அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரு நிமிஷம். கடைசி மூணு வரி இந்தத் தாள்லயே இல்ல."

கைதட்டல் அங்கங்கே நின்றது.

"என்னம்மா?"

"தாள் வேல் மின்னுற இடத்தோட முடிஞ்சிடுது. அதுக்கு மேல நான் சொன்னது இதுல இல்ல. உங்க புத்தகத்துல இருந்துச்சு. நான் இதைப் படிக்கல சார். அதை மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்."

நேரம் போதாது என்று ஆசிரியை அன்று பாடலின் வாலைக் கொஞ்சம் வெட்டியிருந்தார். அது தெரியாமல் வண்டி, நிலையம் வந்த பிறகும் ஓடிப் போய் வெட்டவெளியில் நின்றிருந்தது.

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் இருக்கையில் ஒரு சாண் இறங்கினார். மைத்துனர் அவர் காதருகே குனிந்தார். குத்தலாக ஏதோ வரும் என்று நினைத்தால், வந்தது வேறு.

"மாப்பிள்ளை, யாரும் கண்டுபிடிக்கலையே. இவ ஏன் தானா போய்ச் சொல்றா?"

"தெரியல மச்சான்" என்றார். அன்று காலையிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

துறைத் தலைவர் தர்மசங்கடத்தில் இருந்தார். தன் மொழிபெயர்ப்பைக் கேட்டு எழுந்து நின்று பாராட்டியவர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சால்வையைச் சரிசெய்தார். "பரவாயில்லை, நல்ல நூலைத் தேடிப் படித்ததும் ஒரு தகுதிதான். மதிப்பெண் மதிப்பெண்ணாகவே இருக்கட்டும்."

மேனேஜருக்கு உயிர் வந்தது. எடுத்துக்கோ பாப்பா, எடுத்துக்கொண்டு இறங்கு.

"வேண்டாம் சார்" என்றாள் மகள். தாளைத் திருப்பி நீட்டினாள். "வேற ஏதாவது கொடுங்க. தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லிடறேன்."

ஆசிரியை தன் பையைத் துழாவி வேறொரு தாளை எடுத்தார். "அடுத்த வாரப் பாடத்துக்கு வச்சிருந்தது. நாலே வரி. ஒரு கல்லறைக் கல்லுல வெட்டியிருந்தது. உட்கார்ந்தே படிம்மா. அவசரம் இல்ல."

மகள் மேடைப் படியிலேயே உட்கார்ந்தாள். விரலை வைத்து வைத்துப் படித்தாள். மனப்பாடத்தின் மினுக்கல் எல்லாம் போய், பேச்சு நொண்டியது.

"இது 'கதவு'. இது... 'திறந்தேன்'. யாருக்குன்னா, எல்லாருக்கும். இந்த வார்த்தை தெரியல. தாண்டிப் போறேன்." மூச்சு வாங்கினாள். "இது யாரையோ கூப்பிடறது. 'வழியில போறவரே'ன்னு. அப்புறம் 'எழுந்து'... இல்ல, 'எழ முடியல'."

விரல் பின்னால் போய் மறுபடியும் முன்னால் வந்தது. மேனேஜரின் உதடுகள் அசைய இடமில்லாமல் இறுகிப்போயிருந்தன. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாது. வாழ்க்கையில் ஒரு தேர்வு நடக்கும்போது விடை தெரியாமல் அவர் உட்கார்ந்திருப்பது இதுவே முதல் தடவை.

திடீரென்று மகள் சிரித்துவிட்டாள்.

"சாரி மேடம்."

"என்ன?"

"வாசல்காரன் மேடம் இவன். ஏதோ பெரிய வீட்டு வாசல்ல நின்னிருக்கான். 'வாழ்நாள் பூரா எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டேன். வழியில போறவரே, மன்னிக்கணும், இன்னைக்கு எழுந்திருக்க முடியல. நீங்களே தள்ளிக்கிட்டுப் போங்க'ங்கிறான்."

முதலில் சிரித்தது மேனேஜர். அடக்க முடியாமல், மூக்கால், ஷோரூமில் சிரிக்கவே கூடாத சிரிப்பு. அடுத்து மைத்துனர். பிறகு அரங்கமே. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவருக்கு உறைத்தது. மதில் ராஜாவை அத்தனை நாள் காலையிலும் மேசையில் போட்டுக் கடைந்தும் அவனுக்காக ஒரு கணம்கூட வருத்தப்பட்டதில்லை. இந்த வாசல்காரனை இப்போதுதான் தெரியும், அதற்குள் அவன் போய்விட்டானே என்றிருந்தது.

"உனக்குத் தெரியாத அந்த வார்த்தை 'கனமான'" என்றார் ஆசிரியை. "கனமான கதவு."

"ஐயோ" என்றாள் மகள். பரிதாபப்பட்டது வாழ்நாள் பூரா அதைத் திறந்துவிட்டவனுக்காக.

*

தாழ்வாரத்தில் ஆசிரியை அப்பா, மகள் இருவரிடமும் வந்தார். "ஒரு பருவம் வச்சுப் பார்க்கலாம்னு நான் எழுதிக் கொடுத்துட்டேன். ஆனா கையெழுத்து தலைவரோடது. பாட்டை மாத்திக் கொடுத்தது வழக்கமில்லைன்னு அவர் கொஞ்சம் வருத்தத்துல இருக்கார். அறையில இருக்கார், நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்க." தும்மிவிட்டுப் போனார்.

மைத்துனர் கிளினிக்குக்குக் கிளம்பினார். போகும்போது மருமகளின் தலையில் லேசாகக் குட்டி, "முழு மார்க்கை வேண்டாம்னு சொன்ன முதல் ஆளு நீதான் கழுதை. உங்கம்மாகிட்ட நானே சொல்றேன், உங்கப்பா சொன்னா மசாலா சேர்த்துடுவாரு" என்றார்.

துறைத் தலைவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சால்வை நாற்காலி முதுகில் கிடந்தது. அது இல்லாமல் சாதாரண ஆளாக, களைத்துப்போனவராகத் தெரிந்தார். முன்னால் கையெழுத்துப் போடாத தாள்.

"உட்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்." குரல் மேடைக் குரல் இல்லை. "என் புத்தகம் அச்சுல இல்லாமப் போய் ரொம்ப நாள் ஆச்சு. நூலகப் பிரதியைக்கூட யாரோ கொண்டுபோயிட்டாங்க. நீங்க எங்க வாங்குனீங்க?"

மேனேஜருக்கு வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. பெரிய கடையில் சார், கண்ணாடி அலமாரியில் சார், கடைசிப் பிரதி சார், ரெண்டு பேர் போட்டி போட்டாங்க சார். எல்லாம் நாக்கு நுனியில் அணிவகுத்து நின்றன. பக்கத்துக் கம்பெனிச் சரக்கையே கப்பலில் வந்தது என்று விற்றவருக்கு இது ஒரு விஷயமா? சொன்னால் மனிதர் குளிர்ந்துவிடுவார். பேனா தானாக நகரும்.

பக்கத்தில் மகள் நின்றாள். காதுமடலின் சிவப்பு இன்னும் முழுசாக வடியவில்லை.

"பழைய பேப்பர் கடையில சார்" என்றார் மேனேஜர். "எடைக்குப் போட்டிருந்தாங்க."

மகள் அவர் சட்டைக் கையை இழுத்தாள். காலம் கடந்துவிட்டது.

"எடைக்கா?"

"ஆமா சார்."

"ஒண்ணுதான் இருந்துச்சா?"

"ஒரு கட்டு இருந்துச்சு சார். சணல்ல கட்டி. பிரிக்கவே இல்ல."

துறைத் தலைவர் தலையசைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார். பிறகு, கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்றார். இருவரும் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க? கையெழுத்துப் போடற ஆளுகிட்டயா?"

"கேட்டாரு. சொன்னேன்."

"வேற எப்படியாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மட்டும் மேடையில வேற எப்படியாவது சொன்னியா?"

அவள் சுவரில் சாய்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று இருவர் முகத்திலும் வந்து, யார் முதலில் ஆரம்பிப்பது என்று காத்திருந்தது. தாழ்வாரத்தில் பியூன் ஒருவர் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார்.

கதவு திறந்தது. துறைத் தலைவர் நின்றார். சால்வையை விட்டுவிட்டுக் கைப்பையை மட்டும் எடுத்திருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் மேசை மேல் அந்தத் தாள், மூடி கழற்றிய பேனாவோடு, கையெழுத்து இல்லாமலே கிடந்தது.

"அந்தக் கடை எந்தத் தெருவுல இருக்கு?" என்றார். "இப்பப் போனா திறந்திருக்குமா? நீங்க ரெண்டு பேரும் கூட வரீங்களா? தனியாப் போய்க் கேட்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு."